தாசில்தார் இழுத்த தேர்

அன்புள்ள தம்பிக்கு,

போட்டிக்கு அனுப்பப்போகும் கட்டுரையைப் பார்த்துத் தரச் சொல்லியிருந்தாய். பார்த்தேன். சந்திப் பிழைகளைச் சிவப்பில் சுழித்திருக்கிறேன். அவற்றை நீயே திருத்திக்கொள். என்னைப் பேனா எடுக்க வைத்தது மூன்றாம் பக்கத்துப் பத்தி ஒன்று. மதமும் அரசும் பிரிந்திருக்க வேண்டும் என்பது கடவுளை நம்பாதவர்கள் கிளப்பிவிட்ட மேலைநாட்டுச் சரக்காம். அமெரிக்காவில் அது முழுசாக நிறைவேறிவிட்டதாம். இங்கே மட்டும் கோயிலுக்குள் அரசு நியமித்த நிர்வாக அதிகாரி, அதாவது ஈ.ஓ., உட்கார்ந்திருக்கிறாராம். மூன்றில் முதல் இரண்டும் தவறு. மூன்றாவது உண்மை, ஆனால் அது எப்படி நேர்ந்தது என்று நீ விசாரிக்கவே இல்லை.

அமெரிக்காவைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மதத்துக்கும் அரசுக்கும் நடுவே இருப்பதாக நீ மேற்கோள் காட்டும் ‘தடுப்புச் சுவர்’ அவர்களுடைய அரசியல் சட்டத்தில் இல்லை. 1802 ஜனவரி 1 அன்று அதிபர் ஜெஃபர்சன் எழுதிய ஒரு பதில் கடிதத்தில் இருக்கிறது. அவருக்கு முதலில் எழுதியவர்கள் கனெக்டிகட் மாநிலத்து டான்பரி வட்டாரப் பாப்டிஸ்ட் சபையார், பழுத்த பக்திமான்கள். அந்த மாநிலத்தில் காங்கிரிகேஷனல் சபைக்குத்தான் அரசின் ஆதரவு. அதன் போதகருக்கு ஊரார் வரி கட்ட வேண்டும். பாப்டிஸ்டுகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் நாங்கள் வேறு சபை என்று சான்றிதழ் கொடுத்தால்தான். தன் சாமியைத் தான் கும்பிட அதிகாரியிடம் காகிதம் நீட்டுவதா என்ற ரோஷம் அவர்களுக்கு. கனெக்டிகட் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது 1818-ல்தான். முழுசாக நிறைவேறியது என்கிறாயே, அமெரிக்க நாடாளுமன்றத்தில் 1789 முதல் சம்பளம் பெறும் பாதிரியார் உண்டு. இந்தச் சான்றிதழ் விஷயத்தை மட்டும் நினைவில் வை. நம் தாலுகா ஆபீஸில் அது மறுபடி வரும்.

இனி நம் கதை. இதில் நான் நீட்டுவேன், பொறுத்துக்கொள். நாற்பது வருஷம் வகுப்பில் சொல்லியும் எவனும் பரீட்சையில் எழுதாத கதை.

கும்பெனி ஆட்சி சென்னை ராஜதானியில் 1817-ல் ஏழாம் ரெகுலேஷனைப் போட்டது. கோயில், மசூதி, சத்திரம் ஆகியவற்றின் மானியங்களை ரெவின்யூ போர்டு மேற்பார்க்கும் என்றது அது. நடைமுறையில் கலெக்டர்தான் தர்மகர்த்தாக்களுக்கு மேல் தர்மகர்த்தா. மதுரைக் கலெக்டர் ரௌஸ் பீட்டர் மீனாட்சியம்மனுக்குத் தங்க அங்கவடி செய்து கொடுத்ததை நீ கேள்விப்பட்டிருப்பாய். எல்லாரும் அந்தக் கதையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தேர்த்திருவிழா வந்தால் தாசில்தாரின் சேவகர்கள் கிராமம் கிராமமாகப் போய்த் தேர் இழுக்க ஆள் பிடித்தார்கள். வராதவனுக்கு அடி விழுந்தது. விழா நாளில் பட்டாளம் அணிவகுத்து நின்று மரியாதை செய்தது. பக்தியில் இழுத்தவன் எத்தனை பேர், பிரம்புக்குப் பயந்து இழுத்தவன் எத்தனை பேர் என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதி வைக்கவில்லை.

அரசே, கோயிலை விட்டு வெளியேறு என்ற குரலை இங்கே முதலில் உரக்க எழுப்பியது யார் தெரியுமா? பாதிரிமார். 1836-ல் சென்னையில் பாதிரிமாரும் கும்பெனியின் கிறிஸ்தவ உத்தியோகஸ்தர்களும் ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார்கள். சென்னையின் முதல் பிஷப் டேனியல் கோரி அதை அரசுக்கு அனுப்பினார். அரசு அவரையே கண்டித்தது. 1838-ல் சென்னைப் படைத் தளபதி பெரெக்ரின் மெய்ட்லாண்ட், சாமி விழாக்களுக்குப் படையை அனுப்ப மனம் ஒப்பாமல் பதவியை விட்டார். கோயில் நிர்வாகத்திலிருந்து விலகச் சொல்லி லண்டன் டைரக்டர்கள் 1833-லேயே உத்தரவு போட்டிருந்தார்கள். இங்கே அது மெல்ல மெல்ல நடந்தது 1840-களில்.

கோரி நல்ல மனிதர், நேர்மையானவர். ஆனால் அவருடைய சம்பளம் எங்கிருந்து வந்தது? 1833 சாசனச் சட்டம் சென்னை பிஷப் பதவியை உண்டாக்கியபோதே இந்திய வருவாயிலிருந்து ஊதியத்தையும் ஒதுக்கிவிட்டது. அந்த வருவாயில் பெரும்பங்கு நிலவரி. திருப்பத்தூரில் கேழ்வரகு விளைத்தவன் கட்டிய கிஸ்தியிலும் பிஷப்புக்கு ஒரு பங்கு. கோயிலுக்கும் அரசுக்கும் நடுவே சுவர் கேட்டவர்களுக்குத் தம் சபைக்கும் கஜானாவுக்கும் நடுவே சுவர் தேவைப்படவில்லை! 1927-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, 1930 மார்ச் 1 அன்றுதான் இங்குள்ள ஆங்கிலிகன் சபை இங்கிலாந்தின் அரசுச் சபையிடமிருந்து சட்டப்படி பிரிந்தது. கோயிலைக் கைவிட்டதற்கும் இதற்கும் இடையே ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள். பிரிவினையை அடுத்த வீட்டுக்குக் கேட்பது சுலபம், தன் வீட்டுக்குக் கேட்பவன்தான் அரிது என்பது என் கட்சி. இதைச் சொன்னால் நண்பர்கள் கிழவனுக்குப் பழைய பாட்டு என்பார்கள். பாட்டு பழையதுதான், ஆதாரம் இருக்கிறதே. ஃபிராங்க்ளின் பிரெஸ்லர் 1987-ல் தென்னிந்தியக் கோயில் நிர்வாகம் பற்றி ஒரு நூல் எழுதினார், கிடைத்தால் படி. என் பிரதி இரவல் போய்த் திரும்பவில்லை, ஆகையால் என்னிடம் கேட்காதே.

அரசு விலகிய பின் என்ன ஆயிற்று என்பதும் உன் கட்டுரையில் இல்லை. 1863-ன் சட்டம் கோயில்களை உள்ளூர்க் கமிட்டிகளிடம் கொடுத்தது. கமிட்டி உறுப்பினர் பதவி ஆயுளுக்கும். நிலம் போயிற்று, நகை போயிற்று; கேட்க வேண்டுமென்றால் சிவில் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். மீண்டும் மேற்பார்வை வேண்டும் என்று மனுப்போட்டவர்கள் இந்துக்களே. பனகல் அரசரின் நீதிக்கட்சி அமைச்சரவை கொண்டுவந்து 1925-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் இந்தப் பின்னணியில் பிறந்தது. அதை நாத்திகர் சதி என்று எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

1951-ன் அறநிலையச் சட்டத்தை உடுப்பி சிரூர் மடம் எதிர்த்தது. உச்ச நீதிமன்றம் 1954-ல் சொன்னதை நான் வகுப்பில் இப்படிச் சொல்வேன்: அரசு உண்டியல் வரை வரலாம், கருவறைக்குள் வரக்கூடாது. பூசை முறை சம்பிரதாயத்தாருடையது. சொத்து நிர்வாகத்தைச் சட்டம் ஒழுங்குபடுத்தலாம். ஈ.ஓ. விஷயத்திலும் எல்லை உண்டு. சிதம்பரம் நடராசர் கோயில் வழக்கில் 2014 ஜனவரியில் அதே நீதிமன்றம், சீர்கேட்டைச் சரிசெய்ய வந்த அதிகாரி காலமெல்லாம் உட்கார்ந்துவிட முடியாது என்றது. இது உன் பக்கத்துக்கு வலுவான வாதம். அதை விட்டுவிட்டு ஜெஃபர்சனைத் தேடிப் போயிருக்கிறாய்.

சர்ச்சுக்கும் மசூதிக்கும் ஏன் ஈ.ஓ. இல்லை என்ற கேள்வி நியாயமானது, மழுப்ப மாட்டேன். வக்பு சொத்துக்கு வாரியம் இருக்கிறது. சி.எஸ்.ஐ. திருச்சபையின் சொத்து கம்பெனிச் சட்டத்தில் பதிவான டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கிறது. ஏற்பாடுகள் வேறு வேறு, கண்டிப்பும் ஒரே அளவில் இல்லை. பொதுமக்கள் காணிக்கை வாங்கும் எந்த வீடும் பொதுமக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பேன் நான். நீயோ யாருமே காட்ட வேண்டாம் என்கிறாய். 1939-ல் மதுரைக் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் அரிசன மக்களை அழைத்துப் போன பிறகு அவர்களுக்குப் பாதுகாப்பாக வந்து நின்றதும் ஒரு சட்டம்தான். அரசு முற்றிலும் வெளியே நின்றிருந்தால் அந்தக் கதவு திறந்தே இருந்திருக்குமா என்று யோசித்துப் பார்.

நம் அரசியல் சட்டத்திலும் சுவர் கிடையாது. 290-ஏ பிரிவைப் புரட்டு: 1956-ல் கன்னியாகுமரிப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அங்குள்ள கோயில்களுக்காக ஆண்டுக்குப் பதின்மூன்றரை லட்சம் ரூபாய் மாநில நிதியிலிருந்து தர வேண்டும் என்கிறது. இதைப் பார்த்தவுடன் அரசுப் பணத்தில் கோயிலா என்று குதிக்காதே. திருவிதாங்கூர் அரசு 1812 வாக்கில் கோயில் நிலங்களைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. அந்தக் கடனின் மிச்சம் இது.

நம் ஊரைப் பற்றி ஒரு வரி இல்லாமல் நீ பன்னிரண்டு பக்கம் எழுதியது எனக்கு வருத்தம். 1921-ல் இங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய இரண்டு மருத்துவர்களை உன் பாட்டி தலைமுறை பெரியண்ணன், சின்னண்ணன் என்று சொல்லும். பெரியண்ணன் ஜேசுதாசன், சின்னண்ணன் ஸ்காட்லாந்துக்காரர் ஃபாரஸ்டர் பேட்டன். வெளிநாட்டு மிஷனரிகள் அரசியலில் கலப்பதில்லை என்று சர்க்காருக்கு உறுதி கொடுத்திருந்த காலத்தில் பேட்டன் கதர் கட்டினார். 1932-ல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தருகே போலீசார் அவரை அடித்தார்கள். லண்டன் நாடாளுமன்றத்தில் அது கேள்வியாக எழுந்தது. கிறிஸ்தவ மன்னனின் போலீஸ், கிறிஸ்தவ மிஷனரியின் முதுகு. அரசின் நிழலில் ஒதுங்காத சபை எப்படி இருக்கும் என்று தெரிய நீ அமெரிக்கா போக வேண்டாம், ஆசிரமத்து வாசல்வரை போனால் போதும்.

இப்போது சான்றிதழுக்கு வருகிறேன். 2019 பிப்ரவரியில் நம் திருப்பத்தூர் தாசில்தார், வழக்கறிஞர் சினேகாவுக்குச் சாதி, மதம் அற்றவர் என்று சான்றிதழ் கொடுத்தார். அப்போது நாம் வேலூர் மாவட்டம். 2025 ஜூனில் இதே மாவட்டத்துக்காரர் ஒருவரின் வழக்கில், தாசில்தாருக்கு அந்த அதிகாரம் இல்லை என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஏற்கவில்லை. சான்றிதழ் கொடு, அதற்குப் பொது அரசாணையும் போடு என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனாலும் மதம் இல்லை என்பதையும் தாலுகா ஆபீஸ்தான் எழுதித் தர வேண்டியிருக்கிறது, பார்த்தாயா?

நீ புதூர்நாட்டு மலையாளிப் பிள்ளை. பழங்குடிச் சான்றிதழ் வைத்திருக்கிறாய். நாளை நீ எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சட்டப்படி அது செல்லும். உன் பக்கத்து பெஞ்சு நண்பனின் பட்டியல் சாதிச் சான்றிதழ் அப்படி அல்ல. 1950-ல் குடியரசுத் தலைவர் போட்ட ஆணை அதை இந்துக்களுக்கு என்று வரையறுத்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். அவன் கிறிஸ்தவனானால் பட்டியலை விட்டு வெளியே. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் உண்டு, அவ்வளவுதான். ஊர் அவனை நடத்தும் விதம் மட்டும் மாறுவதில்லை. மதமும் அரசும் இன்றைக்கு ஒன்றோடொன்று இறுகப் பின்னிக் கிடப்பது ஈ.ஓ. நாற்காலியில் அல்ல, இந்தச் சான்றிதழ் கவுண்டரில் என்பதே என் தீர்மானம்.

அந்த நண்பனிடம் உட்கார்ந்து பேசு. அவன் சொல்வதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கு. அமெரிக்காவுக்குக் கால் பக்கம் போதும். திருத்திய பிரதியை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது, எனக்குக் கண்புரை.

அன்புடன்,
உன் வாத்தியார்
திருப்பத்தூர்