பேசப்படாத நாவல்களைத் தேடி

கேள்வி: பிரபலமானவர்களைத் தாண்டி, அதிகம் அறியப்படாத எழுத்தாளர்களின் நல்ல நாவல்களைக் கண்டடைவது எப்படி?

பதில்: விற்பனையை மட்டும் அளவுகோலாக வைத்தால் கண்டடைய முடியாது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தபோது பரவலான கவனம் பெறவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத் தென்கிழக்காசியாவைத் தமிழர் கண்வழியே காட்டிய அந்த நாவல், இன்று தமிழின் முதன்மையான படைப்புகளுள் ஒன்றாகப் பேசப்படுகிறது. அமெரிக்கரான ஜான் வில்லியம்ஸின் 'ஸ்டோனர்' 1965இல் வந்து, சீக்கிரமே அச்சில் இல்லாமல் போனது. 2006இல் மறுபதிப்புக் கண்ட பிறகே பல நாடுகளிலும் வாசகர்களைப் பெற்றது. இரண்டையும் மீட்டதில் பெரும்பங்கு, படித்தவர்கள் விடாமல் அடுத்தவரிடம் எடுத்துச் சொன்னதற்கு உண்டு. ஆகவே உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யாரையெல்லாம் பாராட்டி எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். சிற்றிதழ் மதிப்புரைகளைத் தொடருங்கள். நூலகத்தில் சாகித்திய அகாதெமி, நேஷனல் புக் டிரஸ்ட் மொழிபெயர்ப்புகளைப் புரட்டுங்கள். பிரிவினைக்கு முந்தைய வங்கத்தைச் சொல்லும் அதீன் பந்த்யோபாத்யாயவின் 'நீலகண்டப் பறவையைத் தேடி' தமிழுக்கு வந்தது அத்தகைய ஒரு மொழிபெயர்ப்பாகத்தான்.

காலம் சலித்துத் தந்ததைப் படித்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். காலம் தானாக எதையும் சலிப்பதில்லை. பெயர் தெரியாத புத்தகத்தை எடுத்துப் படிக்கும் வாசகர்தான் அந்த வேலையைச் செய்கிறார். அப்படி எடுப்பவற்றில் பல சுமாராகவே இருக்கும் என்பதும் உண்மைதான். முப்பது பக்கம் படித்தும் பிடிக்கவில்லையென்றால் தயங்காமல் மூடிவிடுங்கள். பிடித்திருந்தால் நாலு பேரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.