வெப்பத்தால் மூட்டைப்பூச்சியை ஒழிப்பது எப்படி? வீட்டில் செய்ய முழுமையான வழிகாட்டி

மருந்து அடித்த வாரம் நிம்மதியாகத் தூங்கி, அடுத்த வாரமே மறுபடி கடி வாங்கியவர்கள் நிறையப் பேர். காரணம் இரண்டு. கடையில் கிடைக்கும் பூச்சி ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. அதைத் தாங்கும் எதிர்ப்புச் சக்தி பல இடங்களில் மூட்டைப்பூச்சிகளுக்கு வந்துவிட்டது. இரண்டாவது, மருந்து முட்டையை அவ்வளவாகத் தொடுவதில்லை. வெப்பம் அப்படியல்ல. போதிய சூடு போதிய நேரம் பட்டால் பூச்சி, குஞ்சு, முட்டை எதுவும் தப்பாது.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. மூட்டைப்பூச்சி வருவதற்கும் வீடு அழுக்காக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. ரயில் பயணம், விடுதி அறை, பழைய சோபா என்று எதனோடும் ஒட்டிக்கொண்டு வரும். வெட்கப்பட்டு மறைக்கும் நாட்களில்தான் அது பெருகுகிறது.

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்?

45 டிகிரி செல்சியஸில் வளர்ந்த பூச்சி சாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். முட்டை இன்னும் கெட்டி. 48 டிகிரியைக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். 55ஐத் தாண்டினால் முட்டையும் பிழைக்காது. பொருளின் மேற்பரப்பு இந்தச் சூட்டை எட்டினால் போதாது. பூச்சி ஒளிந்திருக்கும் இடுக்குக்குள் எட்ட வேண்டும். இனி சொல்லும் ஒவ்வொரு படியும் இதற்காகத்தான்.

படி 1: இருப்பிடத்தைக் கண்டுபிடியுங்கள்

ஒரு டார்ச், ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டை போதும். மெத்தையின் தையல் ஓரத்தை விரலால் விரித்து, அட்டையின் முனையால் மெல்ல நெருடிப் பாருங்கள். பேனா மை தெளித்த மாதிரி கரும்புள்ளிகள், மஞ்சள் நிறத்தில் உரிந்த தோல், ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் வெள்ளையாக ஒட்டியிருக்கும் முட்டைகள் ஆகியவைதான் அடையாளம். பிறகு கட்டிலின் திருகாணித் துளைகள், பலகை சேரும் சந்துகள், தலைமாட்டுப் பலகையின் பின்புறம், சுவரில் மாட்டிய காலண்டர், திரைச்சீலை மடிப்பு, பிரம்பு நாற்காலி எல்லாவற்றையும் பாருங்கள். கண்ட இடங்களைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள்.

பயந்து போய் ஹாலில் படுக்காதீர்கள். ஆளைத் தேடி அவையும் ஹாலுக்கு வந்துவிடும்.

படி 2: துணிகள்

விரிப்பு, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் அந்த அறையிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அதன் பிறகே வெளியே எடுங்கள். கையில் அள்ளிக்கொண்டு நடந்தால் வழியெல்லாம் உதிரும்.

ஃப்ரன்ட் லோடு மெஷின் இருந்தால் 60 டிகிரியில் துவையுங்கள். சூடாக்கும் வசதியில்லாத மெஷின் என்றால், கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும் வெந்நீரில் துணி முழுவதும் அமிழும்படி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். நீர் ஆறினால் கொதிநீரைச் சேருங்கள். டிரையர் வைத்திருப்பவர்கள் உலர்ந்த துணியை அதிகச் சூட்டில் 30 நிமிடம் சுழலவிட்டாலே போதும். வெந்நீர் ஆகாத துணிகளுக்கு, துணி தாங்கும் சூட்டில் இஸ்திரிப் பெட்டியைத் தையல் ஓரங்களில் நிதானமாக இருபுறமும் ஓட்டுங்கள். சுத்தம் செய்ததை வேறு பையில் கட்டி வையுங்கள்.

படி 3: மெத்தைக்கு நீராவி

இதில்தான் பொறுமை வேண்டும். ஸ்டீம் கிளீனரில் கூரான குழல்முனையைக் கழற்றிவிட்டு அகலமான தலையை மாட்டி, அதன்மேல் பருத்தித் துணி ஒன்றைச் சுற்றுங்கள். கூரான முனை வேகமாக ஊதும்; பூச்சி சாவதற்குள் அறையின் மறுமூலைக்குப் பறந்துவிடும். ஹேர் டிரையரை நான் பரிந்துரைக்காததற்கும் இதுதான் காரணம்.

ஒரு அடி நீளத்தைக் கடக்கப் பத்துப் பதினைந்து விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். தலை கடந்த உடனே அந்த இடத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினால் 70, 80 டிகிரி காட்ட வேண்டும். குறைந்தால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள். தையல், பைப்பிங், லேபிளின் அடிப்புறம், கைப்பிடி வளையம் ஆகியவற்றை முதலில் முடித்துவிட்டுப் பரப்புக்கு வாருங்கள். மெத்தையின் ஆழத்துக்குள் நீராவி போகாது. ஆனால் பூச்சிகளில் பெரும்பாலானவை ஓரங்களில்தான் குடியிருக்கும். கிழிசல் இருந்தால் மட்டும் உள்ளேயும் சந்தேகப்படுங்கள்.

சுவிட்ச்போர்டு, பிளக், மின்சாதனம் பக்கம் நீராவியைக் கொண்டுபோகவே கூடாது. குழந்தைகளை வேறு அறையில் வையுங்கள். முடித்தபின் மின்விசிறியைப் போட்டு மெத்தையை முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு விரித்தால் பூஞ்சை பிடிக்கும்.

படி 4: கட்டில்

இரும்புக் கட்டிலுக்கு நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்கிற கொதிநீர் வைத்தியமே நல்லது. ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு ஊற்ற வேண்டும். வாளியில் மொண்டு மாடிக்குத் தூக்கிப் போவதற்குள் சூடு பாதி போய்விடும். குழாய்க் கால்களின் திறந்த முனைக்குள்ளும் ஊற்றுங்கள். பிளைவுட் கட்டிலுக்கு வெந்நீர் வேண்டாம், உப்பிவிடும். திருகாணிகளைக் கழற்றி, சந்துகளில் நீராவி காட்டுங்கள்.

படி 5: வெயில்

மெத்தையை வெயிலில் போட்டால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. மேல்பக்கம் கொதிக்கும்போது பூச்சி நிழலான அடிப்பக்கத்துக்கு நகர்ந்துவிடும். காற்றின் வெப்பம் 40ஐ எட்டும் அக்னி நட்சத்திரத்திலும் இதே கதைதான். செருப்பு, பள்ளிப்பை போன்ற சிறிய பொருட்களுக்கு மட்டும் வெயிலை நம்பலாம். கறுப்பு பிளாஸ்டிக் பையில் தளர்வாகப் போட்டுக் கட்டி, மொட்டை மாடித் தரையில் வைத்துத் திருப்பிப் போடுங்கள். பையின் நடுவில் செருகிய தெர்மாமீட்டர் 50ஐத் தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அந்தப் பையை வேலை முடிந்ததாகக் கணக்கில் வைக்காதீர்கள்.

இவற்றைச் செய்யவே வேண்டாம்

அறையை மூடி ரூம் ஹீட்டர், கரி அடுப்பு, கேஸ் அடுப்பு வைத்துச் சூடேற்றாதீர்கள். தீ விபத்தும் கார்பன் மோனாக்சைடு நச்சும்தான் மிஞ்சும். அறை முழுவதையும் 50 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் நிறுத்துவது விசிறிகளும் அளவுகருவிகளும் வைத்திருக்கும் தொழில்முறை ஆட்களின் வேலை. கட்டிலுக்கு மண்ணெண்ணெய் பூசுவதும் ஆபத்து.

தானியக் கிடங்குக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மூட்டைப்பூச்சிக்கு வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது வெளிவிடும் பாஸ்பின் வாயு பக்கத்து வீட்டுக்கும் பரவி ஆளைக் கொல்லும். அப்படிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். யார் சொன்னாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

படி 6: பத்து நாளில் மறுபடி

தப்பிய முட்டை சுமார் ஒன்று, ஒன்றரை வாரத்தில் பொரிக்கும். ஆகவே பத்து நாள் இடைவெளியில் குறைந்தது மூன்று சுற்றாவது நீராவி காட்டுங்கள். நடுவில் கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, ஒவ்வொரு காலையும் சோப்புத் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்தி வையுங்கள். போர்வை தரையில் தொங்கக் கூடாது. வெள்ளை விரிப்பு போட்டால் புதிய கறை உடனே தெரியும். கிண்ணத்தில் பூச்சி விழுவதும் விரிப்பில் புள்ளி தெரிவதும் நின்று இரண்டு மாதம் ஆகும் வரை சோதனையை நிறுத்தாதீர்கள். சாப்பாடு இல்லாமலேயே அது பல வாரம், சில சமயம் மாதக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும்.