கருமணல் காட்டும் பழங்கடற்கரை

கடற்கரையில் கோடு கோடாகக் கிடக்கும் கருமணலின் பிறப்பிடம் கடல் அன்று, மலை. தீர்த்தமலைக்காரனாகிய நான் கடற்கரை மணற்பாறையைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு இதுவே காரணம்.

எங்கள் மலைப் பகுதியில் மாக்னடைட் கலந்த குவார்ட்சைட் படுகைகள் உள்ளன. 1864இல் கிங், ஃபூட் என்ற இரு நிலவியலார் சேலம் பகுதியின் இரும்புத் தாதுக்களை விவரித்தபோது தீர்த்தமலையையும் அவற்றுள் சேர்த்தனர். வெயிலும் மழையும் சிதைத்த பாறை, மணலாகி ஓடைகள் வழியே தென்பெண்ணையை அடைகிறது. அனுமன்தீர்த்தத்து ஆற்று மணலில் ஒரு காந்தத்தை இழுத்துப் பாருங்கள். கருந்துகள்கள் மயிர்போல ஒட்டிக்கொள்ளும்.

இத்துகள்கள் மற்ற மணலிலிருந்து தனியே பிரிவது எப்படி? எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஒப்படர்த்தி என்ற சொல்லை வகுப்பில்தான் கேட்டேன். ஆனால் அதன் வேலையை, அம்மா அரிசியில் கல் அரிக்கும்போது நாள்தோறும் பார்த்திருக்கிறேன். தண்ணீரோடு அரிசி சரிந்து போகும். கல் அடியில் தங்கும். குவார்ட்சின் ஒப்படர்த்தி 2.65. கார்னெட் சுமார் 4. இல்மனைட், சிர்க்கான் 4.7 அளவு, மோனசைட்டும் மாக்னடைட்டும் 5ஐ ஒட்டியவை. கரையேறும் அலை எல்லா மணிகளையும் கொண்டுவந்து போடுகிறது. திரும்பும் அலைக்கு அவ்வளவு வலுவில்லை; இலேசான குவார்ட்சை மட்டும் உருட்டிச் செல்கிறது. கனமணிகள் உருவிலும் சிறியவை. ஆதலால் பெரிய மணிகளின் இடுக்கில் பதுங்கி நின்றுவிடுகின்றன. ஒரு புயல் அடித்து ஓய்ந்தால் இந்த அரிப்பு வேலை பன்மடங்கு நடந்து முடிந்திருக்கும்.

நம் நாட்டில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி. திருவிதாங்கூர்க் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். அதிலுள்ள தோரியம் அக்காலத்தில் வாயு விளக்குகளின் மேண்டிலுக்குப் பயன்பட்டது. திருவிழா ஊர்வலத்தில் தலைமேல் போகும் பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெண்மைக்கும் இதே தோரியம்தான் காரணமாக இருந்தது!

இப்படிப்பட்ட கரை மணலில் புதையுண்டு, சுண்ணமோ இரும்பு ஆக்சைடோ பிணைக்க இறுகினால் மணற்பாறை ஆகிறது. கருங்கோடுகள் அதனுள் அப்படியே நிற்கின்றன. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் கிரெட்டேசியஸ் காலத்துக் கரிய மணற்பாறைகள் உள்ளன. 1950களில் யுரேனியம் தேடி விமானத்தில் கதிரியக்கம் அளந்தவர்களுக்கு அவை அகப்பட்டன. இன்று அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வறண்ட நிலம். கடல் அங்கே இருந்ததற்குப் பாறைதான் சாட்சி. ஆஸ்திரேலியாவின் மர்ரே வடிநிலத்திலும் கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே, பின்வாங்கிய கடல் விட்டுச்சென்ற கரைகள் வரிவரியாகக் கிடக்கின்றன.

தாதுவின் விலையைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. கனமணிகளைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தால், அம்மணல் எவ்வகைப் பாறையிலிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். தென்பெண்ணை கடலூர் அருகே கடலில் கலக்கிறது. எனவே எங்கள் மலையின் மணிகளுக்கும் அக்கரையில் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும். ஆனால் 1958இல் சாத்தனூர் அணை எழுந்தபின் மேலிருந்து உருண்டு வரும் மணல் நீர்த்தேக்கத்திலேயே படிந்துவிடுகிறது. பாசனத்திற்கு அணை வேண்டும் என்பதில் உழவர் வீட்டுப் பிள்ளையான எனக்கு ஐயமில்லை. எனினும் மலைக்கும் கரைக்கும் இருந்த போக்குவரவு நின்றுபோனதைப் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

அனுமன்தீர்த்தத்திலும் கடலூர்க் கரையிலும் மணல் எடுத்து ஒப்பிட எண்ணியிருக்கிறேன். ஆய்வகத்தில் புரோமோஃபார்மில் இட்டால் குவார்ட்ஸ் மிதக்கும், கனமணிகள் மூழ்கும். அதன் ஆவி நச்சு. ஆசிரியர் உடனிருந்தே செய்ய வேண்டும். கோடை விடுமுறைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்படலாம். விருப்பமுள்ள நண்பர்கள் பெயர் கொடுங்கள்.