புள்ளி ஒன்றுக்கு எத்தனை காசு?

கடன் அட்டையைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். "பட்டவன்தான் எழுத வேண்டும்" என்று அவர்கள் சொன்ன பிறகு மறுக்க வழியில்லை. சென்ற பொங்கல் விழாவுக்கு அரிசியும் வெல்லமும் என் அட்டையில் வாங்கப்பட்டன என்பது சங்கத்தில் பலருக்கும் தெரியும். அதற்குப் பின் நடந்ததும் ஓரளவு தெரியும். தெரியாத பகுதி கணக்கு ஒன்றுதான். இவ்வாண்டு ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கையருக்குப் பயன்படட்டும் என்று அதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

கடையில் சோப்பு வாங்கினால் வானத்தில் பறக்கலாம் என்னும் வித்தை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து வந்தது. 1981ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்னும் விமான நிறுவனம் ஒரு திட்டம் தொடங்கிற்று. பயணி எத்தனை மைல் பறந்தாரோ அத்தனை மைல் அவர் பெயரில் வரவு வைக்கப்படும். போதுமான மைல் சேர்ந்ததும் ஒரு பயணம் இலவசம். அடிக்கடி பறப்பவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. 1987இல் அதே நிறுவனம் சிட்டி பாங்க்குடன் சேர்ந்து ஒரு கடன் அட்டை வெளியிட்டது. பறக்காமலே மைல் சேர்க்கும் வழி அதனால் திறந்தது. மளிகைக்குப் பணம் கொடுத்தாலும் மைல், மருந்துக்குக் கொடுத்தாலும் மைல். நம் நாட்டில் இன்று வங்கிகள் தரும் புள்ளிகள் யாவும் அந்த வழியில் வந்தவையே.

இலவசம் என்றேன். உலகில் எவர் பையிலிருந்தும் வராத இலவசம் உண்டா? நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கி அட்டையைத் தேய்த்தால், கடைக்காரருக்கு நூறு ரூபாயும் போய்ச் சேராது. ஏறத்தாழ இரண்டு ரூபாயை வங்கியும் அட்டை நிறுவனமும் பிடித்துக்கொள்ளும். அதில் ஒரு சிறு துண்டுதான் நமக்குப் புள்ளியாகத் திரும்பி வருகிறது. டில்லியில் சில கடைக்காரர்கள், "கார்டு என்றால் இரண்டு சதவீதம் கூடுதல்" என்று முகத்துக்கு நேரே சொல்வது இதனால்தான். சொல்லாதவர்கள் விலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள். அந்த விலையை ரொக்கம் கொடுப்பவரும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. வழியாகச் செலுத்தினால் 2020 ஜனவரி முதல் கடைக்காரருக்குக் கட்டணம் கிடையாது. ஆகவே அதில் பெரிய புள்ளிகளும் கிடையா. கட்டணம் இருக்கும் இடத்தில்தான் புள்ளி முளைக்கும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

மாணவனுக்குச் சம்பளம் இல்லை. ஆகவே சாதாரணமாகக் கடன் அட்டை கிடைக்காது. ஆனால் பிக்சட் டெபாசிட் ஒன்றைப் பிணையாக வைத்தால் கிடைக்கும். என் அம்மா மதுரையில் சீட்டுக் கட்டிச் சேர்த்த 25,000 ரூபாயை, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று எனக்கு அனுப்பியிருந்தார். அதை ஒரு வங்கியில் டெபாசிட் செய்து, அதன் மேல் 22,500 ரூபாய் வரம்புள்ள அட்டை ஒன்றை டிசம்பர் தொடக்கத்தில் வாங்கினேன். அட்டையோடு ஒரு தாளும் வந்தது. அறுபது நாளுக்குள் 20,000 ரூபாய் செலவிட்டால் 2,000 புள்ளி வரவேற்புப் பரிசு என்று அதில் அச்சிட்டிருந்தது. விமானம் ஒன்றின் படமும் இருந்தது.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றே. என் பட்டமளிப்பு விழாவுக்கு அம்மாவை விமானத்தில் அழைத்து வர வேண்டும். அவர் சென்னைக்கு வடக்கே வந்ததில்லை. 2,000 புள்ளி என்றால் 2,000 ரூபாய் என்று மனம் தானாக எழுதிக்கொண்டது.

வேதியியல் முதுகலை மாணவன் நான். விடைத்தாளில் எண்ணை மட்டும் எழுதி அலகை எழுதாமல் விட்டால் மதிப்பெண் போய்விடும் என்று இளங்கலை மாணவர்களுக்கு ஆய்வுக்கூடத்தில் நானே பாடம் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஒரு புள்ளிக்கு அலகு என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதே தாளின் பின்புறத்தில், எறும்பு எழுத்தில், விடை இருந்தது. ஒரு புள்ளி 25 காசு.

டிசம்பரில் என் சொந்தச் செலவு 4,000 ரூபாய் ஆயிற்று. அதைக் காலத்தில் கட்டிவிட்டேன். இன்னும் 16,000 ரூபாய்க்கு நான் எங்கே போவேன்? அப்போதுதான் பொங்கல் விழாவுக்குச் சாமான் வாங்கும் பேச்சு எழுந்தது. "சந்தா முழுதும் வந்து சேரவில்லையே" என்று பொருளாளர் அக்கா கவலைப்பட்டார். "என் அட்டையில் வாங்கிவிடலாம் அக்கா, பணம் வந்தபின் கொடுத்தால் போதும்" என்றேன். உதவி என்று எல்லாரும் பாராட்டினார்கள். என் மனத்தில் பாதி உதவி, பாதி புள்ளி. ஜனவரி 5ஆம் நாள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலும் வேறு கடைகளிலுமாக அரிசி, பருப்பு, வெல்லம், முந்திரி, கரும்பு, வாடகைப் பாத்திரம் எல்லாம் சேர்ந்து 16,000 ரூபாய். பொங்கல் நன்றாகவே பொங்கியது, அதில் குறையில்லை.

ஜனவரி 20இல் பில் வந்தது. பிப்ரவரி 9க்குள் கட்ட வேண்டும். அன்று வரை சங்கத்துக்கு வந்த சந்தா 9,000 ரூபாய். தேர்வுக் காலம், யாரையும் கழுத்தைப் பிடிக்க முடியாது. அந்த 9,000 ரூபாயைக் கடைசி நாளில் கட்டினேன். குறைந்தபட்சத் தொகைக்கு மேலேயே கட்டிவிட்டதால் அபராதம் இல்லை. மீதி 7,000 ரூபாய்க்குத்தானே வட்டி என்று நிம்மதியாகத் தூங்கினேன். மார்ச் 1ஆம் நாள் மீதியையும் கட்டினேன். அடுத்த பில்லைப் பார்த்தபோதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம் விளங்கிற்று.

கவனித்துப் படியுங்கள். பில் தொகையை முழுதாகக் கட்டினால் மட்டுமே வட்டியில்லாத காலம் உண்டு. ஒரு பகுதி நின்றாலும் அந்தச் சலுகை போய்விடும்; வட்டி கடைசி நாளிலிருந்து அன்று, சாமான் வாங்கிய நாளிலிருந்தே ஏறும். என் அட்டைக்கு மாதம் மூன்றரை சதவீதம். ஆண்டுக்கு 42 சதவீதம். ஜனவரி 5 முதல் பிப்ரவரி 9 வரை 35 நாளுக்கு 16,000 ரூபாய் முழுமைக்கும் வட்டி 644 ரூபாய் 38 காசு. பிறகு 20 நாளுக்கு 7,000 ரூபாய்க்கு 161 ரூபாய் 10 காசு. இரண்டும் சேர்ந்து 805 ரூபாய் 48 காசு. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 950 ரூபாய் 47 காசு.

வரவு என்ன? என் அட்டையில் நூறு ரூபாய்க்கு 2 புள்ளி. 20,000 ரூபாய்க்கு 400 புள்ளி, பரிசுப் புள்ளி 2,000, மொத்தம் 2,400. புள்ளிக்கு 25 காசு வீதம் 600 ரூபாய். அந்தப் புள்ளியைப் பயணச் சீட்டாக மாற்றுவதற்கு ஒரு கட்டணம் உண்டு: 99 ரூபாயும் அதற்கு வரியும், அதாவது 116 ரூபாய் 82 காசு. கையில் நிற்பது 483 ரூபாய் 18 காசு. தில்லியிலிருந்து மதுரைக்கு ரயிலில் சிலீப்பர் வகுப்புக்குக்கூட அது போதாது. அதைப் பெற நான் கொடுத்தது 950 ரூபாய். சங்கத்தின் கணக்கில் அந்த வட்டியை நான் சேர்க்கவில்லை. அக்கா கேட்டார், புள்ளியை நான் வைத்துக்கொண்டபோது வட்டியைச் சங்கத்தின் மேல் ஏற்றுவது முறையாகாது என்று சொல்லிவிட்டேன்.

வட்டியே கட்டாமல் ஒழுங்காக இருந்திருந்தால்? பரிசுப் புள்ளியை ஒருபுறம் ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். நூறு ரூபாய்க்கு 50 காசு, அதாவது அரை சதவீதம். மதுரை–தில்லி விமானச் சீட்டு 7,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதற்கு 14 லட்சம் ரூபாய்க்குச் சாமான் வாங்க வேண்டும். மாதம் 4,000 ரூபாய் செலவழிக்கும் எனக்கு அது 29 ஆண்டு 2 மாத வேலை.

இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்பே போட்ட ஒருவர் உண்டு. டேவிட் பிலிப்ஸ் என்பவர் கலிபோர்னியாவில் ஓர் எஞ்சினியர். 1999இல் உணவு நிறுவனம் ஒன்று தன் பொருள்களின் அட்டைக் குறியீடுகளை வெட்டி அனுப்புவோருக்கு விமான மைல் தருவதாக அறிவித்தது. எந்தப் பொருள் மலிவு என்று தேடிய அவர், 25 காசு அளவு, அதாவது கால் டாலர் விலையில் புட்டிங் கிண்ணம் கிடைப்பதைக் கண்டார். 12,150 கிண்ணம் வாங்கினார். செலவு சுமார் 3,140 டாலர். குறியீட்டை உரிக்கக் கை போதாமல், புட்டிங்கைச் சால்வேஷன் ஆர்மிக்குத் தானமாகக் கொடுத்து, அங்குள்ள தொண்டர்களைக் கொண்டு உரிக்கச் செய்தார். கிடைத்த மைல் பன்னிரண்டரை லட்சம்! மைல் ஒன்றுக்குக் கால் சென்ட். அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அவர் மீது பொறாமைதான். ஆனால் நிறுவனம் செய்த பிழையில் கிடைத்த லாபம் அது. வங்கிகள் அந்தப் பிழையை நாள்தோறும் செய்வதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரூபாயை அச்சிட ரிசர்வ் வங்கி இருக்கிறது. புள்ளியை அச்சிடுபவர் அதைத் தருபவரே. அதன் மதிப்பைக் குறைப்பவரும் அவரே. கிங்பிஷர் விமானங்கள் 2012 அக்டோபரில் நின்றன. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. சேர்த்த மைலில் அந்த விமானங்களில் ஏற இருந்தவர்கள் ஏற விமானமே இல்லாமல் போயிற்று. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது புள்ளிகள் புதிய கணக்குக்கு மாற்றப்பட்டன, அவர்கள் பிழைத்தார்கள். ஆகவே புள்ளியைப் பாட்டி நகை போலப் பெட்டியில் பூட்டி வைப்பதில் பொருளில்லை. சேர்ந்தவுடன் செலவழிப்பதே நலம்.

அட்டையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எப்படியும் செய்யப்போகும் செலவை அதில் செய்து, பில்லை முழுதாகக் கட்டுபவருக்கு அந்த அரை ரூபாய் லாபமே. ரயில்வேயோடு இணைந்த அட்டைகளும் உண்டு. அவற்றின் புள்ளியை நேரே ரயில் சீட்டுக்குக் கழிக்கலாம். ஊருக்கு ரயிலில் போகும் நமக்கு விமானப் படத்தை விட அது பொருந்தும். ஆனால் அவற்றிலும் பெரிய சலுகை பெரும்பாலும் ஏ.சி. வகுப்புகளுக்கே, சிலீப்பரில் போகிறவர் ஆண்டுக் கட்டணத்தைக் கழித்துப் பார்த்துவிட்டு வாங்கட்டும். அட்டை வேண்டாம் என்று தோன்றினால், பாக்கியில்லாதவர் எழுதிக் கேட்ட ஏழு வேலை நாளுக்குள் வங்கி அதை மூடியாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி சொல்கிறது. தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும். நண்பர்களின் மெஸ் பில்லை உங்கள் அட்டையில் தேய்ப்பதானால், பணம் முதலில் உங்கள் கைக்கு வரட்டும். புள்ளிக்காக நண்பனிடம் கடன்காரனைப் போல் நிற்க நேர்வது எத்தனை கூச்சம் என்பதை நான் அந்தப் பிப்ரவரியில் விடுதி வராந்தாவில் தெரிந்துகொண்டேன்.

நானும் அட்டையை மூடிவிட்டேன். டெபாசிட் பிணையிலிருந்து விடுபட்டது. "அந்தப் பணம் பத்திரமா இருக்காய்யா?" என்று அம்மா வாரந்தோறும் கேட்பார்; இப்போது தயங்காமல் விடை சொல்ல முடிகிறது. பட்டமளிப்பு விழாவுக்கு அவர் சம்பர்க் கிராந்தியில் வருகிறார். முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகக் காலை 8 மணிக்குத் திறக்கும், நான் 7.50க்கே கைப்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 45 வயது கடந்த பெண்களுக்கு, இருந்தால், கீழ்ப்படுக்கை தானாகவே ஒதுக்கப்படும். அம்மாவுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்திருக்கிறது.