வைகறைத் துயிலெழுதல்

பிரெஞ்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் மோன்பார் என்பது ஒரு சிற்றூர். 1707ஆம் ஆண்டில் அவ்வூரிற் பிறந்தவர் புஃபோன் என்னும் இயற்கை நூலறிஞர். அவர் துணைவர் சிலரோடு இயற்றிய ‘இயற்கை வரலாறு’ 1749இல் வெளிவரத் தொடங்கி, 36 தொகுதிகளாக வளர்ந்தது. இத்துணை உழைத்தவர் இளமையில் பெருந்துயிலினராக இருந்தார் என்பது வியப்பன்றோ!

அக்குறையை அவரே உணர்ந்து வருந்தினார். ஆறு மணிக்கு முன் தம்மை எழுப்பும் நாள்தோறும் ஒரு வெள்ளி நாணயம் தருவதாகத் தம் பணியாள் ஜோசப்பிடம் கூறினார். மறுநாட்காலை ஜோசப் எழுப்பினான், வசையே கிடைத்தது. அடுத்த நாளும் அவ்வாறே. நண்பகலில் எழுந்த புஃபோனோ, தம்மை ஏன் எழுப்பவில்லை என்று அவனையே கடிந்துகொண்டார்! பின்னொரு நாள், ஜோசப் ஒரு கலம் நிறையக் குளிர்நீரைக் கொணர்ந்து தலைவர்மேற் கொட்டிவிட்டான். நாணயமும் பெற்றான். தம் நூலின் பல தொகுதிகளுக்குத் தாம் ஜோசப்புக்குக் கடன்பட்டவர் என்று புஃபோன் முதுமையிற் கூறுவாராம்.

இரவில் ஆணையிட்ட புஃபோன் வேறு. காலையில் அதனை மறுத்த புஃபோன் வேறு போலும். “ஐந்து மணிக்கு எழுப்புங்கள், அம்மா” என்று இரவில் வேண்டிவிட்டு, காலையில் அவ்வன்னையையே சினக்கும் மாணவர் நம் இல்லங்களிலும் உளர். எழுப்புவார் இன்றித் தாமே எழுதல் இயலாதோ?

புஃபோன் இளைஞராயிருந்த 1729ஆம் ஆண்டில், மைரான் என்னும் மற்றொரு பிரெஞ்சு அறிஞர் தொட்டாற்சிணுங்கியை ஒத்த ஒரு செடியை இருளில் வைத்துப் பார்த்தார். கதிரொளி படாதிருந்தும் அதன் இலைகள் பகலில் விரிந்தன, இரவில் குவிந்தன. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு. மனிதர் மூளையிலும் அத்தகையதொன்று இயங்குகிறது. உயிர்களிடத்து இக்கடிகாரம் இயங்கும் முறையை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் மூவர் 2017இல் நோபெல் பரிசு பெற்றனர்.

காலையொளி அக்கடிகாரத்தை முன்னே தள்ளும். இரவில் விளக்கொளியும் கைப்பேசியொளியும் பின்னே இழுக்கும். வளரிளம் பருவத்தில் அது இயல்பாகவே சற்றுப் பிந்தி ஓடுவதால், மாணவர் உறக்கம் முழுவதையும் சோம்பல் எனப் பழித்தல் முறையன்று. எட்டு மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் அவர்க்கு வேண்டும். ஆதலின் ஐந்தரைக்கு எழ விரும்புவோன் ஒன்பதரைக்கேனும் படுத்தல் வேண்டும். ஏழு மணிக்கு எழுந்து பழகியவன் ஒரே நாளில் ஐந்துக்குத் தாவினால் மூன்றாம் நாள் பழைய நிலைக்கே மீள்வான். சில நாளுக்கொருமுறை கால்மணி நேரம் முந்துதல் நன்று. விடுமுறையிலும் அந்நேரம் மாறலாகாது. மணிப்பொறி கைக்கெட்டாத தொலைவில் இருக்கட்டும். எழுந்தவுடன் சாளரம் திறக்கட்டும்.

சில வாரங்கள் கழியும். ஒருநாள், மணி ஒலிக்குமுன்னரே கண் விழிக்கும். எழுப்ப வந்த அன்னை, சுருட்டி வைத்த பாயைக் கண்டு வாயிலிலேயே நின்றுவிடுவாள்.