பலகை இல்லாமலே 'சக்தி'யுடன் பேசலாம்

சென்னை ஐஐடி உருவாக்கிய 'சக்தி' நுண்செயலியை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்த, விலை கொடுத்து மின்சுற்றுப் பலகை வாங்க வேண்டுமா? விக்கிரவாண்டிப் பள்ளி ஆய்வகக் கணினியே போதும். 'கியூஎமு' என்னும் இலவச மென்பொருள் 2021 முதல் 'சக்தி சி' இயந்திரத்தைப் பாவனை செய்கிறது.

இதற்குத் திரை கிடையாது. சீரியல் இணைப்பே வாயும் காதும்.

வெளியீடு: அனுப்பும் பதிவேட்டில் நிரல் ஓர் எழுத்தை இட்டால், அது கணினியின் முனையச் சாளரத்தில் தோன்றும்.

உள்ளீடு: நிலைப் பதிவேட்டைப் பார்த்து, எழுத்து வந்திருந்தால் மட்டுமே படிக்க வேண்டும், இல்லையேல் பொருளற்ற மதிப்பே கிடைக்கும்.

கவனிக்க: வரைகலையில்லா முறையில் 'கண்ட்ரோல் சி' உள்ளிருக்கும் நிரலுக்கே போகும். வெளியேற 'கண்ட்ரோல் ஏ', பிறகு 'எக்ஸ்' அழுத்துக.

செயல்பாடு: நிரலின் ஒவ்வொரு படியிலும் ஓர் எழுத்தை அச்சிடச் செய்யுங்கள். கடைசியாகத் தோன்றிய எழுத்தைக் கொண்டு, நிரல் எங்கே நின்றது என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.