காட்டிலிருந்து வீட்டுக்கு வந்த நோய்

கொசு சிறிய உயிர்தான். ஆயினும், காட்டு விலங்குகளிடையே இருந்த நோயை மாநகரங்களுக்குக் கொண்டுவரும் ஆற்றல் அதற்கு உண்டு. ஸிக்கா நோயின் வரலாறு இதனை நமக்கு உணர்த்துகிறது.

1947ஆம் ஆண்டில், ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டிலுள்ள ஸிக்கா காட்டில் அறிவியலறிஞர்கள் மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்து வந்தனர். அதற்காக மரத்தின்மேல் கூண்டில் வைத்திருந்த ஒரு குரங்குக்குக் காய்ச்சல் கண்டது. அதன் இரத்தத்தில் அதுவரை எவரும் அறியாத நச்சுக்கிருமி இருந்தது. மறு ஆண்டில் அக்காட்டுக் கொசுக்களிடமும் அதே கிருமி காணப்பட்டது.

காட்டுக் கொசு குரங்கை மட்டுமன்றி, அங்குச் செல்லும் மனிதனையும் கடிக்கும். அவன் நோயுடன் ஊர் திரும்பினால், அங்கு ஏடிஸ் கொசு அவனைக் கடித்துப் பிறருக்கும் நோயைப் பரப்பும். அதன்பின் நோய் பரவுவதற்குக் குரங்கு தேவையில்லை.

1966இல் பகாங் மாநிலத்துப் பெந்தோங்கில் பிடிக்கப்பட்ட ஏடிஸ் கொசுக்களில் ஸிக்கா கிருமி கண்டறியப்பட்டது. 2015இல் அந்நோய் பிரேசில் நாட்டில் பெருகிற்று. நோயுற்ற கர்ப்பிணிகள் சிலருக்குச் சிறுத்த தலையுடன் குழந்தைகள் பிறந்தன. 2016இல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அந்நோய் கண்டது. நாம் நன்கறிந்த டிங்கிக் காய்ச்சலைப் பரப்புவதும் இதே ஏடிஸ் கொசுதான்.

ஸிக்காவைக் குணப்படுத்தத் தனி மருந்து இல்லை. ஆதலால், கொசு பெருகாமல் தடுப்பதே சிறந்த வழியாகும். ஏடிஸ் முட்டை கொசுவாக வளர ஏறக்குறைய ஒரு வாரமே போதும். எனவே, வாரந்தோறும் நாம் செய்ய வேண்டியவை இவை:

1. தண்ணீர்த் தொட்டிகளை இடைவெளியின்றி மூடிவைத்தல்.

2. பூச்சாடித் தட்டுகளிலுள்ள நீரைக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல். நீர் வற்றினாலும் ஒட்டியுள்ள முட்டைகள் பல மாதங்கள் உயிருடன் இருக்கும்.

3. பழைய டயர், தகர டப்பா, தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றை அகற்றுதல்.

4. பால் வெட்டாத ரப்பர் மரங்களிலுள்ள கோப்பைகளைக் கவிழ்த்து வைத்தல்.

ஏடிஸ் கொசு பகலில், சிறப்பாகக் காலையிலும் மாலையிலும் கடிக்கும். ஆதலால், இரவில் கொசுவலை கட்டுவது மட்டும் போதாது.

மாணவர்களே, வீட்டைச் சுற்றிப் பார்த்துத் தேங்கிய நீரைக் கண்டால் உடனே பெற்றோரிடம் கூறுங்கள். ஒரு வீட்டார் மட்டும் தூய்மை காத்தால் பயனில்லை. அடுத்த வீட்டுக் கொசு நம் வீட்டுக்கும் வரும். ஆகவே, அனைவரும் ஒன்றுபட்டு வருமுன் காப்போம், நலமுடன் வாழ்வோம்.